படிப்பு முடிந்து வீட்டுக்குத் திரும்பிய முதல் வாரம்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஈசூன் பெண்:

மே மாதம் பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்து, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். பெட்டி, ரைஸ் குக்கர், ஃபேன், இரண்டு பெரிய நீலப் பைகள். அந்தக் காட்சி இங்கே பலருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது ஒரு சாவியைப் பற்றி.

நாலு வருடம் கெண்ட் ரிட்ஜ் விடுதியில் தங்கிப் படித்தேன். சனி ஞாயிறுதான் வீடு, அப்போது யாராவது இருப்பார்கள். மூன்றாம் வருடத்தில் எங்கள் கேட் பூட்டு கெட்டுப்போய் வேறு மாற்றியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. என்னிடம் இருந்தது பழைய சாவி. சாமான்களோடு வந்து நின்று அதைத் திருப்பிப் பார்க்கிறேன், அசையவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து சிராப் கலக்கிக் கொடுத்தார். அம்மா வர முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். ஆனாலும் அது மனசுக்குள்ளேயே கிடந்தது.

நாலாம் நாள் இரவு பதினொன்றரை இருக்கும். தோழி ஒருத்தி எங்கள் புளோக் கீழே வந்திருந்தாள், கோப்பிக்கடையில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று கிளம்பினேன். அப்பா ஹாலில் நாற்காலியில் இருந்தார். "எங்கம்மா? யாரோட? எத்தனை மணிக்கு வருவே?" இவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தக்கூட இல்லை. நான்தான், "நாலு வருஷம் யாரும் இதைக் கேட்கல, நான் உயிரோடதானே இருக்கேன்? சாவிகூட இல்லாத வீட்டுல கேள்வி மட்டும் மூணு" என்றேன்.

அப்பா "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் சாவிக்கொத்தை எடுத்தார். கேட் சாவியைக் கழற்றி எனக்குக் கொடுக்கப் பார்த்தார். அந்த இரும்பு வளையம் இருக்கிறதே, நகத்தை விட்டு நெம்பினால்தான் பிரியும். அவருக்கு நகம் நுழையவில்லை. கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கட்டைவிரலை மாற்றி, ஆள்காட்டி விரலை மாற்றி, திரும்பத் திரும்ப நெம்பினார். நான் கைகட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றேன். "குடுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கழற்றிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

அப்பா பேருந்து ஓட்டுநர். காலை வேலை என்றால் மூன்றரைக்கு எழுவார். அன்று விடியற்காலை போகும்போது அவரிடம் சாவி இல்லை. கேட்டைப் பூட்ட அம்மாவை எழுப்பியிருக்கிறார். சாவி என் மேசையில் கிடந்தது, ஆனால் என்னை எழுப்பவில்லை. இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

செங்காங் 24:

என்னுடையது சின்னது. முதல் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிப் போகிறேன், எம்ஆர்டி ரயில் நிலையக் கேட்டில் கார்டைத் தட்டினால் திறக்கவில்லை. மறுபடியும் தட்டினேன், சிவப்பு விளக்கு. மாணவர் சலுகை முடிந்துவிட்டதை மறந்தே போயிருந்தேன். பின்னால் வரிசை. ஓரமாக ஒதுங்கி நிலைய ஊழியரிடம் போனேன், நம்மவர்தான், அப்பா வயது இருக்கும். கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "படிப்பை முடிச்சிட்டியாம்மா? ரொம்பச் சந்தோஷம். என் பொண்ணும் இந்த வருஷம்தான்" என்றார். எனக்கு அன்றுவரை யாரும் சந்தோஷம் என்று சொல்லவில்லை. லிஃப்டில் பார்க்கிறவர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது "வேலை கிடைச்சிருச்சா?" மட்டும்தான். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல், நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். அவர் மகள் என்ன படித்தாள் என்றாவது கேட்டிருக்கலாம். அப்புறம் இரண்டு மூன்று தடவை அந்த நிலையத்தில் பார்த்தேன், அவர் இல்லை.

இரண்டு மகள்களின் அப்பா:

ஈசூன் பெண்ணே, உன் அப்பா கேட்ட மூன்று கேள்வியில் என்ன தவறு இருக்கிறது? மூன்றரைக்கு எழ வேண்டிய மனிதர் பதினொன்றரை வரைக்கும் ஏன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று நீ யோசித்தாயா? நீ வீட்டில் இல்லாத நாலு வருடமும் அவர் கேட்கவில்லை என்கிறாய். கேட்க வழி இருந்ததா?

என் மூத்தவள் போன ஜூலையில் பட்டம் வாங்கி ஜூரோங் விடுதியிலிருந்து வந்தாள். சின்ன வயதிலிருந்தே இரவு ஒன்பது மணிக்கு அவளுக்குப் பழம் நறுக்கிக் கொடுப்பது என் வேலை. வந்த அன்றைக்கே பப்பாளி நறுக்கிக் கொண்டுபோனேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "வேணும்னா நானே எடுத்துக்கிறேன்ப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவு திறக்கவில்லை. தட்டோடு சமையலறைக்குத் திரும்பி, நின்றபடியே நான் சாப்பிட்டு முடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வருடமாகிறது, நான் பழம் நறுக்குவதில்லை.

இங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வெளியே போகிறீர்கள் என்றால் போங்கள், யாரும் கட்டிப்போடவில்லை. கிளம்பும்போது ஒரு வார்த்தை, வர நேரமானால் ஒரு வாட்ஸ்அப். அம்மாவுக்கு மட்டும் அனுப்பாதீர்கள், அப்பாவுக்கும் அனுப்புங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், கைப்பேசியை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். அறைக் கதவைச் சாத்தினாலும் தாழ் போடாதீர்கள். முதல் சம்பளம் வந்தால் பெரிய பொருள் எதுவும் வாங்கித் தர வேண்டாம், பெற்றோரைத் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) அழைத்துப்போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், அது போதும். பெண் பிள்ளை என்பதால் சொல்லவில்லை, மகன் இருந்திருந்தால் அவனுக்கும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 2020:

அங்கிள், பப்பாளி விஷயம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் தாழ் போடாதே என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் அனுபவத்தைச் சொல்கிறேன், அப்புறம் உங்களுக்கே புரியும்.

நான் மான்செஸ்டரில் கடைசி வருடம். 2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் எல்லாரையும் சிங்கப்பூருக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். பிரிட்டனிலிருந்து வருபவர்களை விமான நிலையத்திலிருந்து நேரே ஹோட்டலுக்கு ஏற்றிப்போன நேரம் அது. 14 நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. அப்பா தினமும் வேலை முடிந்ததும் அம்மா சமைத்ததைக் கொண்டுவந்து கீழே கொடுத்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். நான் இருந்தது ரொம்ப உயரத்தில், அவர் முகம் தெரியாது. கைப்பேசி விளக்கைப் போட்டு இரண்டு தடவை ஆட்டுவார். நானும் அறை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவேன். பிறகு போனில் பேசுவோம். அப்பா என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அதற்கு முன்னால் கிடையாது. தாத்தா ஊரிலிருந்து கப்பலில் வந்த கதையெல்லாம் அந்த 14 நாளில்தான் எனக்குத் தெரியவந்தது.

ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்கிட் பிரேக்கர், அதாவது இங்கத்திய ஊரடங்கு, தொடங்கியது. நான் வீட்டுக்கு வந்தது அதற்கு அப்புறம். மூவறை வீட்டில் ஐந்து பேர், யாரும் வெளியே போக முடியாது. நான் இரவில் பிரிட்டன் நேரத்துக்கு வகுப்பு முடித்து, பகலில் தூங்குவேன். ஐந்தாம் நாள் அப்பா வந்து போர்வையை இழுத்து, "பொம்பளைப் பிள்ளை பன்னிரண்டு மணி வரைக்கும் தூங்குறதா?" என்றார். சாலையில் நின்று விளக்கை ஆட்டியவரும் இவரும் ஒரே ஆள் என்று என்னால் நம்ப முடியவில்லை. அறைக்குத் தாழே கிடையாது அங்கிள், அதனால்தான் அது நடந்தது. உங்கள் மகள் கதவைச் சாத்தியது உங்களை ஒதுக்க இல்லை. மறுபடியும் நறுக்கிக் கொண்டுபோய்த் தட்டிப் பாருங்கள். ஒரு தடவை வேண்டாம் என்றதற்கு ஒரு வருடம் நிறுத்துவது ரொம்பப் பெரிய தண்டனை.

கணக்கு அக்கா:

நான் வீட்டுக்குத் திரும்பியது 2011இல். அப்பா கணக்குக் கோப்பு ஒன்றை எடுத்துவந்து கையில் கொடுத்தார், உள்ளே என் படிப்புக்காக அவருடைய மத்திய சேம நிதியிலிருந்து (மசேநி) எடுத்த பணத்தின் கணக்கு. "சும்மா பார்த்து வெச்சுக்கோ" என்றார். நான் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு வருடம் திறக்கவே இல்லை.

அதனால் தங்கைகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். கடன் இரண்டு வகை, குழப்பிக்கொள்ளாதீர்கள். வங்கி மூலம் எடுக்கும் கல்விக் கட்டணக் கடன் ஒன்று. அதற்குப் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை, முடித்த பிறகுதான் வட்டி ஓடத் தொடங்கும். மசேநி கல்வித் திட்டம் இன்னொன்று. இதில் நீங்கள் கடன்பட்டிருப்பது உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, அவர்களுடைய ஓய்வுக்காலப் பணம் அது. பணத்தை எடுத்த நாளிலிருந்தே வட்டி சேரும், ஏனென்றால் கணக்கில் இருந்திருந்தால் அவர்களுக்கு அந்த வட்டி கிடைத்திருக்கும். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும், அதிகபட்சம் 12 வருடம் வரை தவணை கிடைக்கும். கட்டும் பணம் பெற்றோரின் மசேநி கணக்குக்கே திரும்பிப் போகும்.

சம்பளக் கணக்கையும் சரியாகப் போடுங்கள். 4,000 வெள்ளி என்று கடிதத்தில் இருந்தால் கைக்கு வருவது 3,200தான், 20 விழுக்காடு உங்கள் மசேநிக்குப் போய்விடும். முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு போடுவார், அது உங்கள் கையில் வராது. அந்த 3,200இல் வீட்டுக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று முதல் மாதமே எழுதி வையுங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தையும் கடனுக்குக் கட்டும் பணத்தையும் ஒன்றாக நினைக்காதீர்கள், நான் செய்த தவறு அதுதான். அம்மாவுக்கு மாதம் கொடுக்கிறோமே, அப்பாவின் கணக்குக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன். கட்ட ஆரம்பித்த பிறகுதான், அந்தக் கோப்பில் ஒவ்வொரு தவணைக்குப் பக்கத்திலும் அப்பா பென்சிலில் நான் எந்த வருடம் என்ன பாடம் படித்தேன் என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

புக்கிட் பாத்தோக்:

அக்கா, விவரம் எல்லாம் சரிதான், ஆனால் ஈசூன் பெண் எழுதியது கடனைப் பற்றி இல்லையே. அங்கிளும் நீங்களும் சேர்ந்து அவளுக்குப் பாடம் நடத்துவதுபோல் இருக்கிறது.

திருமணம் ஆகாவிட்டால் தனியாக வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். அதுவரை எனக்கும் பாட்டிக்கும் ஒரே அறை. முதல் வாரம் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது, விடியும் முன்னே பாட்டி ஒலி 96.8 தமிழ் வானொலியைப் போட்டுவிடுவார். இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் ஹாஸ்டலில் இருந்தபோது ஞாயிறு சாயங்காலம் பாட்டி ஒரு டப்பாவில் முறுக்கு போட்டுக் கொடுத்தனுப்புவார். படிப்பு முடிந்து பதினொரு மாதம் ஆகிவிட்டது. பாட்டிக்கு அது நினைவில் நிற்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு டப்பாவை நிரப்பி, துணியால் துடைத்து, என் கையில் கொடுத்து, "பத்திரமா போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்கிறார்.

முதல் தடவை "பாட்டி, நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வாங்கிக்கொள்கிறேன். கீழே போய் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்து போன் செய்து, "சேர்ந்துட்டேன் பாட்டி" என்கிறேன். சரியா தப்பா தெரியவில்லை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, பொய் சொல்லிப் பழக்காதே என்கிறார்.

குளுவாங்காரி:

நீங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டவர்கள். நான் மலேசியாவின் ஜொகூர்க்காரி, சிங்கப்பூர் அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியம் வாங்கிப் படித்தேன், அதனால் பட்டம் வாங்கியபின் 3 வருடம் இங்கே வேலை செய்ய வேண்டும். பட்டமளிப்பு முடிந்த வாரம் எல்லை தாண்டி ஜொகூர் பாரு லார்கின் நிலையத்தில் பேருந்து பிடித்து ஊருக்குப் போனேன். எல்லைப் பாலத்தில் நெரிசல், வீடு போய்ச் சேர இரவாகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு கால்தான் கழற்றியிருக்கிறேன், அம்மா கேட்டார், "எப்பம்மா திரும்பிப் போகணும்?"

அம்மா கேட்டதற்குக் காரணம் இருக்கிறது, எத்தனை நாள் சமைக்கலாம் என்று கணக்குப் போடத்தான். "ஞாயித்துக்கிழமை" என்றேன். உடனே உள்ளே போய் ஃப்ரீசரிலிருந்து நண்டை எடுத்து வெளியே வைத்தார். இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. ஒவ்வொரு தடவையும் வாசலில் அதே கேள்விதான். ஈசூன் பெண்ணே, உன்னை யாரும் எப்போது போகிறாய் என்று கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

ஈசூன் பெண்:

எல்லாருடையதையும் படித்தேன். குளுவாங் அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

நேற்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சாவி வெட்டிக்கொண்டேன். அப்பாவின் சாவியை அவரிடமே கொடுத்து, வளையத்தில் நானே போட்டுத் தர வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்தேன். மதியம் பார்க்கும்போது ஆணியில் இல்லை, அப்பா வந்து எடுத்துக்கொண்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கணக்கு அக்கா, எனக்கும் அப்பாவின் மசேநியிலிருந்துதான் எடுத்தோம். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நாளை அவருக்கு ஓய்வு, இன்று இரவு சீக்கிரம் தூங்க மாட்டார். அந்தக் கணக்கை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.