என் எம்ஜிபி கார் சூடானதும் நின்றுவிடுகிறது. ஸ்பேசைடு பயணத்துக்கு முன் உதவி தேவை

பச்சை ரோட்ஸ்டர் (அபர்டீன்)

நண்பர்களே, வணக்கம். என்னிடம் இருப்பது 1970-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர். 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் லூகாஸ் 25டி4 டிஸ்டிரிபியூட்டர், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் கார் உடலோடு). காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே உயிர் பெறுகிறது. நகரத்துக்குள் எந்தக் குறையும் இல்லை. முக்கால் மணி நேரம் நன்றாக ஓடி, எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது.

போன வாரம் ஏ939 சாலையில், காக்பிரிட்ஜ் தாண்டி லெக்ட் மலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது, இருமலோ திணறலோ இல்லாமல் எஞ்சின் சட்டென்று அணைந்துவிட்டது. அந்த ஏற்றம் சில இடங்களில் 20 சதவீதச் சரிவு. ஓரம்கட்டி பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். எஞ்சின் ஆறிய பிறகு எதுவுமே நடக்காததுபோல் கிளம்பியது. இரண்டு நாள் கழித்துப் பெட்ரோல் பங்கில் நிரப்பிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

ஐந்து சதவீத எத்தனால் உள்ள உயர்தரப் பெட்ரோல்தான் போடுகிறேன். வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கிறது. நண்பர்கள் இருவரும் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கிறது, வெப்பத் தடுப்புத் தகட்டை மாற்று என்கிறார்கள். அவர்களில் ஒருவர் டிரையம்ப் டிஆர்6 வைத்திருக்கிறார். இன்னொருவரிடம் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட். அடுத்த மாதம் மூன்று கார்களும் சேர்ந்து பாலட்டர், லெக்ட், டொமின்டௌல் வழியாக டஃப்டவுன் போய் அங்கே இரவு தங்குவதாகத் திட்டம். வழியில் என் கார் நின்று எல்லோருடைய நாளும் கெடுவதை நான் விரும்பவில்லை.

கூடவே இன்னொரு சந்தேகம். இரவு மேசையில் வைக்க ஒரு நல்ல சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்க வேண்டும். ஸ்பிரைட் நண்பருக்குப் புகை வாசனை அறவே ஆகாது. எதை வாங்கலாம்?

ஹெரால்டு 66 (சென்னை)

நண்பரே, என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. சென்னையில் தயாரான, டிரையம்ப் ஹெரால்டின் உறவுக்காரக் கார். சித்திரை வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் நின்றால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளும். பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றினால் சிறிது நேரத்தில் கிளம்பும். இப்போது இங்கே பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எம்ஜிபியில் கார்புரேட்டரும் புகைபோக்கி மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன அல்லவா? நின்ற பிறகு அடியிலிருந்து வரும் சூடு முழுவதும் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணமான ஃப்ளோட் சேம்பருக்குத்தான் ஏறும். பெட்ரோல் பம்ப் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

குரோய்டன் பட்டறை

நான் இந்நாட்டில் நெடுங்காலம் கார் மின்வேலை செய்து ஓய்வு பெற்றவன். தம்பி, தகடோ குழாயோ எதையும் வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

சென்னை நண்பர் கேட்ட கேள்வி மிகச் சரியானது. ஹெரால்டில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது. அது சூடாகி, பெட்ரோலை உறிஞ்ச முடியாமல் ஆவியை உறிஞ்சுகிறது. எம்ஜிபியில் எஸ்யூ மின்பம்ப் காரின் பின்பகுதியில், எஞ்சின் சூட்டிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. அது பின்னாலிருந்து பெட்ரோலைத் தள்ளுகிறது. தள்ளும் குழாயில் ஆவி அடைப்பது உறிஞ்சும் குழாயில் அடைப்பதைவிட மிகவும் அரிது. டிஆர்6 நண்பர் பெட்ரோலைச் சந்தேகிப்பதும் இயல்பே. இங்கே விற்ற டிஆர்6-இல் இயந்திரப் பெட்ரோல் ஊசி அமைப்பு. அதன் பம்ப் சூடாகித் தொல்லை தருவது அந்தக் கார் வைத்திருப்போர் எல்லோரும் அறிந்த விஷயம். அவரவர் கார் அவரவருக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் சொல்வார்கள்.

எத்தனால் சுமார் 78 டிகிரியில் கொதிக்கும். ஆனால் பெட்ரோலில் அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் பகுதிகள் எப்போதும் உண்டு. ஃப்ளோட் சேம்பர் கொதித்தால் அது பெரும்பாலும் நிறுத்திவைத்த பிறகு நடக்கும். ஓடும்போது வந்துகொண்டே இருக்கும் பெட்ரோல் அதைக் குளிர்விக்கும். உங்கள் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்.

சூடாக நின்ற நிலையில், ஸ்டார்ட்டரைச் சுற்றாமல் சாவியை மட்டும் திருப்பினால் பின்னால் பம்ப் "டிக் டிக்" என்று சில முறை அடித்து நிற்கிறதா, அடித்துக்கொண்டே இருக்கிறதா, அடிக்கவே இல்லையா? சில முறை அடித்து நின்றால் சேம்பர் நிரம்பிவிட்டது என்று பொருள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஈரமா, காய்ந்திருக்கிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். லெக்ட் ஏற்றத்தில் எஞ்சின் அணைந்த அந்தக் கணத்தில், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேகோமீட்டரின் முள் என்ன செய்தது? கிளட்சை மிதிக்கும் முன், கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது, முள் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கியதா, ஒரேயடியாகப் பூஜ்யத்தில் விழுந்ததா?

பச்சை ரோட்ஸ்டர்

ஐயா, மிக்க நன்றி. இன்று மாலை வேண்டுமென்றே டீசைடு பக்கம் ஓட்டிப்போய்ச் சூடாக்கினேன். வீட்டு வாசலில் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து முயன்றபோது பிடிக்கவில்லை. பம்ப் நாலைந்து முறை அடித்து நின்றது. பிளக்கில் லேசான ஈரம், பெட்ரோல் வாசனை.

டேகோமீட்டர் பற்றிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்பிரைட் நண்பரிடம் கேட்டேன். அவர் தயக்கமே இல்லாமல் சொன்னார்: கார் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தபோதே முள் சட்டென்று கீழே விழுந்ததாம். மீட்டர் கெட்டுவிட்டது என்றே அவர் அப்போது நினைத்தாராம்.

குரோய்டன் பட்டறை

அந்த நண்பருக்கு ஒரு நல்ல பாட்டில் வாங்கிக் கொடுங்கள். பாதி வேலையை அவர் முடித்துவிட்டார்.

பெட்ரோல் இல்லாமல் நின்றால், கியரில் உருளும் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். டிஸ்டிரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்ட் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். முள் வேகத்தோடு இறங்கும். முள் ஒரேயடியாக விழுந்தது என்றால், ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலின் 12 வோல்ட் சுற்றில் துடிப்பே இல்லாமல் போயிற்று. அந்தச் சுற்றில் இருப்பவை சாவி, அதிலிருந்து வரும் ஒயர், காயில், டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஒயர், பாயிண்ட், பாயிண்ட் தீப்பொறியில் கருகாமல் காக்கும் கண்டென்சர். அவ்வளவுதான். ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் திருப்பிவிடும் ரோட்டார் பழுதானால்கூட ஸ்பார்க் போகும், ஆனால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் ரோட்டாரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கார் சூடாக, கிளம்பாத நிலையில் இருக்கும்போது செய்யுங்கள். ஆறிய பிறகு செய்தால் எல்லாமே சரியாக இருப்பதாகத்தான் காட்டும்.

டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினைக் கையால் சிறிது திருப்பி, பாயிண்ட் திறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். சாவியைத் திருப்புங்கள். காயிலின் பிளஸ் முனையில் பேட்டரி வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் பழுது சாவிப் பக்கம். வந்தால், மைனஸ் முனையைப் பாருங்கள். பாயிண்ட் திறந்திருப்பதால் அங்கும் 12 வோல்ட் இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால், டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் ஒயரை மைனஸ் முனையிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் காயில் உள்ளே அறுந்திருக்கிறது. 12 வந்துவிட்டால் காயில் நல்லது. டிஸ்டிரிபியூட்டருக்குள் எங்கோ மின்சாரம் காரின் உலோக உடலுக்குக் கசிகிறது. ஒயரைத் திரும்ப மாட்டி, உள்ளே கண்டென்சரின் ஒயரை மட்டும் விலக்குங்கள். மைனஸ் முனையில் 12 திரும்பினால் குற்றவாளி கண்டென்சரே.

பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைத் திருப்பியபடி விட்டுவிடாதீர்கள், காயில் வெந்துவிடும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால் ஸ்பார்க் சோதனை எதுவும் செய்ய வேண்டாம்.

மால்ட் குறிப்பேடு (கிளாஸ்கோ)

கார் விஷயத்தைப் பெரியவர் பார்த்துக்கொள்கிறார். நான் பாட்டிலுக்கு வருகிறேன்.

புகை ஆகாதவருக்கு, ஸ்பே ஆற்றை ஒட்டிய ஸ்பேசைடு சரியான பகுதி. பீட் என்னும் சதுப்பு நிலக் கரியின் புகையில் உலர்த்திய மால்ட் (முளைகட்டிய பார்லி) ஐலா தீவின் லாகவூலின், லஃப்ரோய்க், ஆர்ட்பெக் போன்றவற்றின் குணம். ஸ்பேசைடில் பெரும்பாலானவை புகை இல்லாதவை. என் தேர்வு கிளென்ஃபார்க்லஸ் 15 ஆண்டு. கிராண்ட் குடும்பம் 1865-இல் வாங்கியது, இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்ததால் உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், வறுத்த பருப்பு எல்லாம் மூக்கிலேயே தெரியும். 46 சதவீதம். முதலில் அப்படியே ஒரு வாய், பிறகு சில துளி தண்ணீர். பனிக்கட்டி வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்; குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும்.

டொமின்டௌலில் இருந்து பி9008, பிறகு பி9009 பிடித்தால் கிளென்லிவெட் பக்கமாகவே டஃப்டவுன் போய்விடலாம். நேரம் இருந்தால் கிரெய்கெல்லாக்கியில் இருக்கும் ஸ்பேசைடு பீப்பாய்ப் பட்டறையை விடாதீர்கள். பழைய கார்களைக் கையால் பழுதுபார்ப்பவர்களுக்கு அந்த இடம் பிடிக்காமல் போகாது. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். அதனால் அவர்கள் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்கள் இங்கே வருகின்றன. பீப்பாயைப் பிரித்து, பழுதான பலகையை மாற்றி, வளையத்தைச் சுத்தியலால் இறக்குகிறார்கள். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. நான் அங்கே மதியம் முழுவதும் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. பகலில் விஸ்கி ஆலைகளைப் பார்த்தால் ஓட்டுநர் ஒரு சொட்டும் தொட வேண்டாம். பல ஆலைகளில் ஓட்டுநரின் பங்கைச் சிறு குப்பியில் ஊற்றித் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் அதிகம் போனால் காலையிலும் உடலில் இருக்கும். புறப்படும் நேரத்தை மதியத்துக்குத் தள்ளுங்கள்.

தெற்கு ஹாரோ

பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் தூக்கிவிட்டு மின்னணு இக்னிஷன் போட்டுவிடுங்கள். என் எம்ஜி மிட்ஜெட் காரில் போட்ட பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டியதில்லை.

குரோய்டன் பட்டறை

நல்ல யோசனைதான், எதிர்க்கவில்லை. ஆனால் மலைச் சாலையில் மின்னணுப் பெட்டி செத்தால் எதுவும் செய்ய முடியாது. பாயிண்ட்டும் கண்டென்சரும் சட்டைப் பையில் அடங்கும். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பெட்டியைப் போட்டாலும், பாயிண்ட் மாட்டிய பழைய தட்டை டிக்கியில் வைத்திருங்கள்.

பச்சை ரோட்ஸ்டர்

ஐயா, சொன்னபடியே செய்தேன். பிளஸ் முனையில் 12.4. மைனஸ் முனையில் பூஜ்யம். டிஸ்டிரிபியூட்டர் ஒயரைக் கழற்றியதும் 12.4. திரும்ப மாட்டி, கண்டென்சர் ஒயரை விலக்கினேன், மறுபடி 12.4! அரை மணி நேரம் ஆறவிட்டு அதே கண்டென்சரை மாட்டினால் பழுதே இல்லை. சூட்டில் மட்டும் உள்ளே ஒட்டிக்கொள்கிறது.

புதிய கண்டென்சர் போட்டு, பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்தேன். நேற்று வெயிலில் லெக்ட் ஏறி இறங்கினேன். மேலே ஸ்கீ மையத்தின் வாகன நிறுத்தத்தில் அணைத்துக் கால் மணி நேரம் நிறுத்திவைத்தேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. தகட்டுக்குச் செலவழிக்க இருந்த பணம் கிளென்ஃபார்க்லஸுக்குப் போகிறது. உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

குரோய்டன் பட்டறை

மகிழ்ச்சி, தம்பி. இன்னொரு கண்டென்சர் வாங்கி, அதைக் காரில் மாட்டி ஓட்டிச் சோதித்த பிறகே டிக்கியில் வையுங்கள். சோதிக்காத புதுப் பாகத்தை மாற்றுப் பாகமாக நம்பக் கூடாது. இப்போது வருபவற்றின் தரம் ஒன்றுபோல் இல்லை. பிற்காலத்தில் வெப்பத் தகட்டைத் தொட நேர்ந்தால், பழைய தகட்டில் கல்நார் ஒட்டியிருக்கலாம். சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

ஹெரால்டு 66 (சென்னை)

இதைப் படித்துவிட்டு என் டேகோமீட்டரைப் பார்க்கலாம் என்றால் ஹெரால்டில் அது இல்லை. என்னிடம் பழைய இருப்பில் சில கண்டென்சர்கள் இருக்கின்றன. எது நல்லது என்று காரில் போடாமலே தெரிந்துகொள்ள வழி உண்டா, ஐயா?

குரோய்டன் பட்டறை

கொள்ளளவு பார்க்கும் மீட்டரில் சுமார் 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். பிறகு ஹேர் டிரையரால் நன்றாகச் சூடாக்கி மறுபடி பாருங்கள். கண்டென்சரின் ஒயருக்கும் அதன் உலோக உறைக்கும் இடையே மின்தொடர்பு இருக்கவே கூடாது. சூட்டிலும் தேறியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.