'லேட்டாகத் தூங்கினேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லி மாட்டிக்கொண்ட கதைகள்

ஒஹாயோக்காரன்:
அமெரிக்கா வந்த புதிதில் நடந்தது. சென்னைக் குழுவோடு சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ். அங்கே பகல் ஒரு மணி என்றால் எனக்கு அதிகாலை மூன்றரை. முடித்துவிட்டுப் படுத்தபோது நாலு தாண்டிவிட்டது. எட்டு மணிக்கு அடித்துப் பிடித்து எழுந்து, ஒன்பது மணி மீட்டிங்கில் கண் எரிய உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். "ஐ ஸ்லெப்ட் லேட்" என்றேன். கொஞ்சம் அனுதாபம் கிடைக்கும் என்ற நம்பிக்கை.

அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது, உனக்கு அது தேவைதான்" என்றார். அதோடு விட்டாரா? நன்றாக ஓய்வெடுத்திருக்கிறாய், அன்றைய இரவு வேலையையும் நீயே பார்த்துக்கொள் என்று தலையில் கட்டிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் பக்கத்து இருக்கைக்காரர் விளக்கினார். நமக்கு 'லேட்' என்பது தூக்கம் தொடங்கும் முனை. அவர்களுக்கு அது தூக்கம் முடியும் முனை. 'ஸ்லீப் லேட்' என்றால் வெயில் ஏறும்வரை சுகமாகத் தூங்குவது. நான் சொல்ல வேண்டியது 'ஸ்டேட் அப் லேட்'. தமிழில் "நேத்து லேட்டா தூங்கினேன்" என்றால் யாருக்காவது சந்தேகம் வருமா? அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன், மாட்டினேன். இந்தியாவில் இதே ஆங்கிலத்தைத்தான் எல்லாரும் பேசுகிறோம், அங்கே ஒருவரும் திருத்தியதில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கிளாஸ்கோ செவிலி:
என் கதை இதைவிட மோசம். நான் வேலை பார்ப்பது முதியோர் வார்டு. அங்கே 'லாங் லை' என்று ஒரு சொல் உண்டு. வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர் கீழே விழுந்து, எழ முடியாமல் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடப்பது. உடல் குளிர்ந்துபோகும், நீர்ச்சத்து வற்றும், அழுத்தத்தில் புண் வரும், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். நோயாளியின் குறிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே கை பரபரக்கும்.

சேர்ந்த இரண்டாவது வாரம். எங்கள் வார்டிலேயே வேலை பார்க்கும், அறுபதை நெருங்கும் ஒரு ஸ்காட்லாந்து அம்மா, விடுப்பு முடிந்து வந்தவர், "நேற்று எனக்கு அருமையான லாங் லை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கே விழுந்தீர்கள்? யார் தூக்கிவிட்டார்கள்?" என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிலில்தான் கிடந்தாராம், பதினொரு மணிவரை, டீயோடு! இங்கிலாந்தில் 'லை-இன்' என்பார்களே, அதைத்தான் ஸ்காட்லாந்தில் 'லாங் லை' என்கிறார்கள். அன்று முதல் வார்டில் யார் விடுப்பில் போனாலும் "விழுந்துவிடாதே" என்றுதான் வழியனுப்புகிறார்கள்.

இன்னொன்று. இங்கே ஒருவர் 'ஐ ஸ்லெப்ட் இன்' என்றால் அது பெரும்பாலும் மன்னிப்பு. அலாரம் அடித்தும் எழவில்லை, வேலைக்குத் தாமதம் என்று பொருள். அமெரிக்காவில் அதே சொல் வேண்டுமென்றே தூங்கிய சுகத்தைக் குறிக்குமாமே. என் அமெரிக்க நாத்தனாரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

பராமரிப்புப் பணியாளன், பர்மிங்காம்:
ஸ்லீப் இன் பற்றி என்னிடம் கேளுங்கள். வந்த முதல் மாதம் பொறுப்பாளர் ஃபோன் செய்து, "சனிக்கிழமை ஒரு ஸ்லீப்-இன் எடுத்துக்கொள்கிறாயா?" என்றார். ஆஹா, தூங்குவதற்கு விடுப்பே கொடுக்கிறார்களே என்று மகிழ்ந்து சரி என்றேன். சனிக்கிழமை இரவு பத்தரைக்கு "எங்கே இருக்கிறாய்?" என்று மறுபடி ஃபோன். பராமரிப்பு இல்லத்திலேயே இரவு தங்கி, தூங்கலாம், ஆனால் யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும். அந்த ஷிஃப்டுக்குப் பெயர்தான் ஸ்லீப்-இன். பல இடங்களில் அதற்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகைதான் கொடுப்பார்கள். தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது, எழுந்து வேலை செய்த நேரத்துக்கு மட்டும்தான் என்று 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேற்றிடத்தில் தூக்கம் எப்படி வரும் என்று நீதிபதிகளை யாராவது கேட்டிருக்கலாம்.

டப்ளின்வாசி:
இங்கே 'ஐ ஸ்லெப்ட் இட் அவுட்' என்பார்கள். முதல் தடவை கேட்டபோது ஏதோ பிரச்சினையைத் தூங்கியே தீர்த்துவிட்டார் போல என்று நினைத்தேன். தாமதமாக எழுந்துவிட்டேன் என்பதுதான் அதற்குப் பொருள்.

அப்புறம், லை-இன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் மகள் பிறந்தது ரொட்டுண்டா மருத்துவமனையில். 1745இல் தொடங்கியபோது அதன் பெயரில் 'லையிங்-இன்' இருந்தது. அந்தக் காலத்தில் அது பிள்ளை பெற்றுப் படுத்திருப்பதைக் குறித்த சொல். நம் எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையும் 1844இல் அப்படியொரு லையிங்-இன் ஆஸ்பத்திரியாகத்தான் தொடங்கியது. மகள் பிறந்தபிறகு எனக்கு லை-இன் என்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

ரொறன்ரோ மச்சாள்:
இங்கே பிறந்த என் மகள், "அம்மம்மா, நாளைக்கு நான் ஸ்லீப் இன்" என்றாள். அம்மா திரும்பிப் பார்த்து, "எங்கட வீட்டில ஆர் பிள்ளை வெளியில படுக்கிறது?" என்று கேட்டார்.

ஒஹாயோக்காரன்:
மச்சாள், சிரித்து முடியவில்லை. என் மிச்சக் கதையையும் கேளுங்கள். அந்த இரண்டாவது இரவும் முடிந்தபிறகு மேனேஜருக்கு உண்மை தெரிந்து, "நாளைக்கு ஸ்லீப் இன்" என்று அவரே சொன்னார். கௌரவமாக ஒன்பது மணிவரை தூங்கினேன். எழுப்பியது அம்மாவின் வீடியோ கால். சென்னையில் அப்போது மாலை ஆறரை. என் முகத்தைப் பார்த்ததும், "விளக்கு வைக்கிற நேரத்துல என்னடா தூக்கம், மூதேவி!" என்றார்.