பொறுக்கி ஒதுக்கிய கடலையைச் செக்குக்கு அனுப்பலாமா?

மானாவாரிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் உசிலம்பட்டிக்கு மேற்கே இரண்டு ஏக்கரில் மானாவாரியாகக் கடலை போடுகிறவர்கள். இந்த முறை ஆடியில் விதைத்தோம். புரட்டாசி முழுவதும் மழை இல்லாமல் செடி வாடிக் கிடந்தது. பறிக்கிற நேரம் பார்த்து ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதால், ஆய்ந்த காயை ஐந்தாறு நாள் களத்திலேயே தார்ப்பாய் போட்டு மூடி வைக்க வேண்டியதாயிற்று. பிறகு வெயில் வந்ததும் காய வைத்து உடைத்தோம். நல்ல பருப்பைத் தனியாகவும், சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் தனியாகவும் என் அத்தை முறத்தில் போட்டுப் பொறுக்கி எடுத்தார். ஒதுக்கியது மட்டும் ஒன்றே கால் மூட்டை தேறியது.

நல்ல பருப்பு வியாபாரிக்குப் போய்விடும். ஒதுக்கிய பருப்பைச் செக்கில் ஆட்டி, எண்ணெயை வீட்டுக்கும் பிண்ணாக்கை இரண்டு மாடுகளுக்கும் வைத்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டில் காலகாலமாக உள்ள வழக்கம். கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள், அந்தப் பருப்பில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கும், அது கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லித் தடுக்கிறாள். வறுத்து ஆட்டினால் பூசணம் செத்துவிடும் என்கிறார் அத்தை.

எனக்குப் பயம் வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு ஊரில் நடந்த இரத்ததான முகாமில் என் கணவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரியவந்தது. இப்போதைக்கு மருந்து வேண்டாம், தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் இந்த எண்ணெயில் சமைத்துப் போட்டது நான்தான். உடம்பில் அந்த நஞ்சு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனை ஏதும் உண்டா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நாகமலை அடிவாரம் எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, நான் மூலக்கூறு உயிரியல் படித்து, பூஞ்சை நச்சுகள் கல்லீரல் செல்களில் என்ன செய்கின்றன என்பதை ஆராயும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவள். உங்கள் மகள் சொல்வது சரி. வறுத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று உங்கள் அத்தை சொல்வதும் சரிதான். ஆனால் பூஞ்சை சாவதும் அது விட்டுச்சென்ற நஞ்சு அழிவதும் வேறு வேறு. அஃப்ளடாக்சின் சிதைய வேண்டுமானால் 250 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பம் வேண்டும். வறுக்கும்போது ஒரு பகுதி குறையலாமே தவிர, முழுவதும் போகாது. வேகவைப்பதால் குறைவது அதைவிடச் சொற்பம்.

இந்த நஞ்சு முதலில் அடையாளம் காணப்பட்டதே கடலையில்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது என்பதைப் பிடித்துக்கொண்டு போனபோது, அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சையும் அதன் நஞ்சும் தெரியவந்தன. அந்தப் பூஞ்சை நம் கரிசலிலும் செவலிலும் எப்போதும் இருப்பதுதான். காய் முற்றும் கடைசி வாரங்களில் செடி வறட்சியில் வாடினால், தன்னைக் காத்துக்கொள்ளும் திறனைப் பருப்பு இழந்துவிடுகிறது. பூஞ்சை மண்ணுக்குள்ளேயே உள்ளே புகுந்துவிடும். பறித்தபின் ஈரத்தோடு மூடிக் கிடந்தால் அது பெருகும். நீங்கள் எழுதியதைப் படிக்கையில், இந்த ஆண்டு உங்கள் கடலைக்கு இரண்டுமே நேர்ந்திருக்கிறது.

இனி கல்லீரலுக்கு வருகிறேன். இந்த நஞ்சின் வகைகளில் மிகக் கொடியதான அஃப்ளடாக்சின் பி1 உள்ளே போகும்போது அப்படியே தீங்கு செய்வதில்லை. அதை வெளியேற்றுவதற்காக நம் கல்லீரல் நொதிகள் அதனோடு ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. அந்த முயற்சியிலேயே அது எபாக்சைடு என்னும் தீவிரமான பொருளாக மாறி, டிஎன்ஏவில் உள்ள குவானைன் என்னும் எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலான ஒட்டுகளைச் செல் வெட்டியெறிந்து சரிசெய்துவிடும். தப்பிப்போனவை, செல் பிரியும்போது பிழையாகப் படியெடுக்கப்படும். செல்களைக் கண்டபடி பெருகவிடாமல் தடுக்கும் பி53 என்றொரு மரபணு உண்டு. அதன் 249-ஆவது கோடானில், அதாவது மூன்றெழுத்துச் சொல்லில், ஏஜிஜி என்றிருக்க வேண்டியது ஏஜிடி என்று மாறி, புரதத்தில் அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் செரின் வந்துவிடுகிறது. சீனாவின் சிடோங் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், 1991-இல் இந்த ஒரே மாற்றத்தைத் திரும்பத் திரும்பக் கண்டன. இந்த நஞ்சு உணவில் அதிகம் சேராத நாடுகளின் கட்டிகளில் அது அரிது. உண்ட உணவு மரபணுவில் தன் தடயத்தை இத்தனை துல்லியமாக விட்டுச்செல்வதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இன்றும் மாணவர்களுக்குச் சொல்லும்போது அந்த உணர்வு குறைவதில்லை.

உங்கள் கணவரைப் பற்றிய கேள்விதான் முக்கியமானது. எனவே தயங்காமல் சொல்கிறேன். ஷாங்காய் நகரில் 18,244 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அஃப்ளடாக்சின் மட்டும் உடலில் சேர்ந்தவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கும், ஹெபடைடிஸ் பி மட்டும் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 7 மடங்கும், இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 60 மடங்கும் இருந்தது. மூன்றையும் ஏழையும் கூட்டினால் பத்துதான் வரும். அங்கே வந்தது அறுபது. வைரஸால் செல்கள் அழிந்து அழிந்து புதிதாகப் பிரிந்துகொண்டே இருப்பதால், பிழை சரியாவதற்குள் அடுத்த பிரிவு தொடங்கிவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. மடங்குக் கணக்கு என்பது எல்லோருக்கும் நோய் வரும் என்று பொருள்படாது. ஆனால் ஹெபடைடிஸ் பி உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்த எண்ணெய்க்கு இடமே இருக்கக் கூடாது.

நீங்கள் கேட்ட பரிசோதனை உண்டு. டிஎன்ஏவிலிருந்து வெட்டியெறியப்பட்ட ஒட்டு சிறுநீரில் வரும். அது கடந்த ஓரிரு நாள் உணவைக் காட்டும். இரத்தத்தில் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டியிருப்பது இரண்டு மூன்று மாத உணவைக் காட்டும். இவை ஆய்வுக்காகச் செய்யப்படுபவை. சாதாரணப் பரிசோதனை நிலையங்களில் செய்வதில்லை. செய்தாலும், பத்தாண்டுகளுக்கு முன் உண்டதை அவை சொல்லா. அதைத் தேடி அலைவதைவிட, உங்கள் கணவருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு, அதைத் தவறாமல் செய்யுங்கள். நீங்களும் மகளும் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான பருப்பில் ஒன்றுமே இருக்காது; கெட்ட ஒரு சிலவற்றில் குவிந்து கிடக்கும். ஒரே பருப்பில், கிலோவுக்கு ஒரு கிராம் என்ற விகிதத்தில்கூட நஞ்சு இருந்ததாக ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. நம் நாட்டில் கடலைக்கு அனுமதிக்கப்பட்ட மேல் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். பதப்படுத்தாமல் அப்படியே உண்பதற்கு விற்பது என்றால் 10. ஒரு பருப்பு அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டால், அப்படிப்பட்ட ஒற்றைப் பருப்பு 25 கிலோ நல்ல பருப்பை வரம்புக்கு மேலே கொண்டுபோய்விடும். ஆகவே உங்கள் அத்தை முறத்தோடு உட்கார்ந்து பொறுக்கியது மிக உயர்ந்த வேலை. எந்தக் கருவியும் ஒரு சிறு விவசாயி வீட்டில் அவர் கைகளும் கண்களும் செய்ததைச் செய்துவிடாது. அதே காரணத்தால், அவர் ஒதுக்கிய ஒன்றே கால் மூட்டையில்தான் இரண்டு ஏக்கரின் நஞ்சில் பெரும்பகுதியும் வந்து சேர்ந்திருக்கிறது. விற்றதைவிட, வீட்டுக்கென்று வைத்துக்கொண்டதுதான் ஆபத்தானது. அதை ஆட்டாதீர்கள்.

செக்கடி எழுதியது:

திருமங்கலம் பக்கம் முப்பது ஆண்டுகளாகச் செக்கு வைத்திருக்கிறேன். மேலே எழுதிய அம்மா சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டுச் செக்கு எண்ணெயே ஆகாது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். குற்றம் செக்கில் இல்லை. செக்கில் போடும் பருப்பில் இருக்கிறது. ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு போய்விடும் என்பது உண்மை. எங்களிடம் அந்த வசதி இல்லாததாலேயே பருப்பை நாங்கள் இரண்டு மடங்கு கவனிக்க வேண்டியிருக்கிறது.

எந்த மூட்டை வந்தாலும் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கை நிறைய எடுத்து, பருப்பை இரண்டாகப் பிளந்து பார்ப்பேன். வெளித்தோல் சிவப்பாகவே இருக்கும். பிளந்தால் நடுக்குழியில் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். முகர்ந்தால் மக்கிய வாடை அடிக்கும். வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். நன்றாகக் காய்ந்த பருப்பு விரலால் அழுத்தினால் சட்டென்று முறியும். ஈரம் இருந்தால் நசுங்கும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: எந்திரத்தில் காய் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்க முதல் நாளே தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால், களத்தில் நன்றாகக் காய்ந்த கடலையும் கெட்டுப்போகும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் வாங்கிய நாற்பது மூட்டை எனக்கு அப்படித்தான் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதை ஆட்டி விற்க மனம் வரவில்லை. அந்த நட்டத்திலிருந்து மீள ஓராண்டு ஆயிற்று.

எங்கள் அப்பா காலத்திலிருந்தே ஆட்டிய எண்ணெயை அகலமான பாத்திரத்தில் ஊற்றி வெயிலில் வைத்து, கசடு இறங்கியபின் தெளிவை மட்டும் எடுப்போம். இதனால் ஏதும் பயன் உண்டா என்று நாகமலை அம்மா சொன்னால் நல்லது.

நாகமலை அடிவாரம் எழுதியது:

உண்டு, ஐயா. கசடில் இருக்கும் பிண்ணாக்குத் துகள்களில் நஞ்சு அதிகம்; அதை நீக்கினாலே எண்ணெயில் உள்ள அளவு குறையும். கடலை எண்ணெயில் உள்ள அஃப்ளடாக்சினை வெயில் சிதைக்கிறது என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தினர் 1970-களிலேயே கண்டறிந்தனர். உங்கள் தந்தையார் காலத்து வழக்கத்தைக் கைவிட வேண்டாம். ஆனால் அது நல்ல பருப்பில் கண்ணுக்குத் தப்பியதைக் குறைப்பதற்குத்தான் உதவும். பூசணம் பிடித்த பருப்பை ஆட்டிவிட்டு வெயிலை நம்ப முடியாது.

மானாவாரிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எண்ணெய் வேண்டாம் என்று அத்தை ஒத்துக்கொண்டார். ஆனால் மாட்டுக்காவது வைக்கலாமே, அதன் வயிற்றில் எல்லாம் செரித்துவிடாதா என்று கேட்கிறார். ஒரு மாடு கறவையில் இருக்கிறது. நாத்தனாரின் இரண்டு வயதுக் குழந்தை குடிப்பது அந்தப் பால்தான்.

வாடிப்பட்டி கால்நடை எழுதியது:

கால்நடை மருத்துவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். பிண்ணாக்கையும் கொடுக்காதீர்கள். ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி தங்குவது எண்ணெயில் அல்ல, பிண்ணாக்கில்தான். மாட்டின் வயிறு அதை முழுவதும் அழித்துவிடுவதில்லை. உண்ட அஃப்ளடாக்சின் பி1-இல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, அதிகம் கறக்கும் மாடுகளில் ஆறு பங்கு வரைகூட, எம்1 என்னும் வடிவில் பாலில் வரும். தீவனம் வைத்த ஒரு நாளைக்குள் பாலில் வரத் தொடங்கிவிடும், காய்ச்சினாலும் போகாது. பாலுக்கு நம் நாட்டில் விதித்துள்ள வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். கெட்ட தீவனத்தை நிறுத்திவிட்டால் மூன்று நான்கு நாளில் பால் சுத்தமாகிவிடும் என்பது ஆறுதலான செய்தி.

மாட்டுக்கே இது நல்லதில்லை. பால் குறையும், தீவனம் எடுக்காது, சினை பிடிப்பது தள்ளிப்போகும். உரிமையாளர் வேறு எதையெல்லாமோ காரணமாகச் சொல்வார். நான் முதலில் பார்ப்பது தீவன மூட்டையை. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 397 பேர் நோயுற்று, 106 பேர் இறந்தபோது, அதே உணவைத் தின்ற நாய்களும் மஞ்சள் காமாலை கண்டு செத்தன. கெட்டதைக் கால்நடைக்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

மானாவாரிக்காரி எழுதியது:

நேற்றுக் காலையில் நானும் அத்தையும் அந்தப் பருப்பிலிருந்து பத்துப் பதினைந்து எடுத்துப் பிளந்து பார்த்தோம். ஆறில், செக்கடி ஐயா சொன்னது போலவே, உள்ளே பச்சைப் பொடி. அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குத் தள்ளி வேலியோரம் குழி வெட்டச் சொன்னார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு கொட்டி மூடிவிட்டோம். வீட்டுக்கென்று நல்ல பருப்பில் இருபது கிலோவை நிறுத்திவைத்திருக்கிறோம். அதை ஒருமுறை மறுபடியும் பொறுக்கிவிட்டு வெள்ளிக்கிழமை ஆட்டக் கொடுப்போம். எனக்கும் மகளுக்கும் இரத்தம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். முடிவு திங்கட்கிழமை வரும்.

விதைக்கு எடுத்துவைத்த மூட்டையை என்ன செய்வது என்று அத்தை கேட்கச் சொன்னார்.

நாகமலை அடிவாரம் எழுதியது:

உங்கள் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். விதைக்கடலையை உடைக்காமல் காயாகவே, தரையில் படாமல் மரப்பலகை மேல் வையுங்கள். விதைக்கும் வாரத்தில் கையால் உடைத்து, இதேபோல் பொறுக்கி, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதையுங்கள். செடி பூத்து விழுது இறங்கும் 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால், காயின் ஓடு உறுதியாகி, பூஞ்சை நுழைவது குறையும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கேட்டால் உங்கள் மண்ணைப் பார்த்து மேலும் சொல்வார்கள். திங்கட்கிழமை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.