மேலே ஓடிய இன்ஜின் கீழே நின்றது: மாடல் விமானம் பறக்கவிடும் நண்பர்களின் சேலம், ஏற்காடு அனுபவங்கள், அவரவர் ஊர்ப் பெயரில்

ஹஸ்தம்பட்டி:

மூன்று வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். என் மாடல் விமானம் பறக்கப் பழகும் சாதாரண ட்ரெயினர், 46 சைஸ் (0.46 கன அங்குலம்) டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 11×6 ப்ராப் (முன்னால் சுழலும் விசிறி). ஏற்காட்டுக்குக் கொண்டுபோனோம். நீடிலை (எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகு) சேலத்தில் வைத்திருந்தபடியே விட்டுக் கிளப்பினேன். வெள்ளைப் புகை, கடகடவென்று கனத்த சத்தம், முழு த்ராட்டிலிலும் வேகம் ஏறவில்லை. நான்கு க்ளிக் மூடினேன், தெளிந்தது. அன்றைக்கு ஐந்து முறை பறந்தது.

அடுத்த ஞாயிறு பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம். காரிலிருந்து இறக்கும்போதே என் மகள் கேட்டாள், "மேல வச்ச செட்டிங் கீழயும் சரியா இருக்குமாப்பா?" "நல்லாத்தானே ஓடுச்சு, ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். கிளப்பியதும் அப்படி ஒரு சத்தம், கணீரென்று. இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஏறி ஒரு திருப்பம் திரும்பியது. சத்தம் மெலிந்தது, அப்புறம் இல்லை. காற்றில் இறக்கை உரசும் ஓசை மட்டும் கேட்டது. சீமைக் கருவேல முள்ளுக்குள் போய் இறங்கியது. மகள் ஒன்றும் சொல்லவில்லை, முள்ளுக்குள் கையை விட்டு வாலைப் பிடித்து இழுத்தாள்.

எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கில் கம்பியே இல்லை. பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கீறல்.

சூரமங்கலம்:

நீடிலைக் குறை சொல்லாதீர்கள் சார், ப்ராப்பைப் பாருங்கள். என் 40 இன்ஜினுக்கு 10×6 கிடைக்காமல் 11×8 மாட்டினேன். இரண்டாவது சுற்றில் நின்றது, மஃப்ளரைத் தொட முடியவில்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் அதிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும்.

11×6 என்றால் முதல் எண் ப்ராப்பின் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 6 என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு அங்குலம் முன்னே போக வேண்டும் என்று கணக்கு. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் 60,000 அங்குலம், அதாவது மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர். ட்ரெயினருக்கு அதற்கு மேல் எதற்கு? பிட்சைக் கூட்டுவது ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவையும் டாப் கியரில் ஏறுவது மாதிரி. இன்ஜின் திணறும், சூடாகும். மேலே காற்று லேசு என்பதால் 12×6 போடுங்கள், கீழே வந்ததும் 11×6. நீடிலைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, சேலம் வெயிலிலும் காற்று லேசாகிவிடும், அதனால் மலைக்கும் ஊருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

நாகலூர்:

சூரமங்கலம் நண்பர் மன்னிக்கவும், இதை அப்படியே விட முடியாது. புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டு 12×6 மாட்டிவிடுவார்கள். ப்ராப் கேட்கும் சுமை விட்டத்தின் நான்காம் மடிப்பெருக்கத்தோடு ஏறுகிறது. 11ஐ 12 ஆக்கினால், அதே பிட்சில், அதே சுற்றில், சுமை 40 சதவீதத்துக்கு மேல் கூடும். ஏற்காட்டில் காற்று குறைவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 12 வேண்டுமென்றால் 12×4 போடுங்கள், சுமை கிட்டத்தட்ட 11×6 அளவுக்கு வந்துவிடும்.

வெயில் விஷயமும் அப்படித்தான். டிகிரிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு சதவீதம்தான் காற்று லேசாகும். மேலே 20, கீழே 38 டிகிரி என்றால் ஆறு சதவீதம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் 280க்குள். அந்த உயரத்துக்குக் காற்றழுத்தம் 13 சதவீதம் போல இறங்குகிறது. வெயிலைக் கழித்தாலும் கீழேதான் காற்று அடர்த்தி. ஹஸ்தம்பட்டி நண்பர் மேலே குறைந்த காற்றுக்கு ஏற்றபடி எரிபொருளைக் குறைத்தார், கீழே காற்று கூடியது, எரிபொருள் கூடவில்லை. லீன் ஓட்டம். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் எரிபொருளோடுதான் வருகிறது, அது குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. பிஸ்டன் கீறல் அதனால்தான்.

ஏற்காட்டில் என் தோட்டத்திலும் கீழே சேலத்திலும் அதே சைஸ் இன்ஜினை டேக்கோமீட்டர் (சுற்றை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். நீடிலைத் திருத்திய பிறகு ஆர்பிஎம் மேலேயும் கீழேயும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்ஜின் பலமும் குறைகிறது, ப்ராப்பின் சுமையும் குறைகிறது. ப்ராப் விமானத்தை இழுக்கும் பலம்தான் குறையும். இறங்கும் வேகமும் ஐந்தாறு சதவீதம் கூடும், மலையில் ஓடுபாதையைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. பழைய நைலான் ப்ராப், பல வருடம் ஷெட்டில் கிடந்தது. நைலான் ஈரம் போய்விட்டால் மொறுமொறுத்து உடையும், வெந்நீரில் கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். தெரிந்தும் சோம்பல்பட்டேன். பக்கவாட்டில் நின்று நீடிலைத் திருகிக்கொண்டிருந்தபோது ஒரு பிளேடு வேரோடு பிய்ந்து என் காலுக்கும் எரிபொருள் கேனுக்கும் நடுவில் போனது. கேனில் ஒரு கீற்று, நீலத் திரவம் வழிந்தது. 11 அங்குல ப்ராப் 12,000 சுற்றில் ஓடும்போது நுனி வேகம் மணிக்கு 630 கிலோமீட்டர். இன்றைக்கும் நீடிலைத் தொட ப்ராப்புக்குப் பின்னால் போய்த்தான் குனிகிறேன்.

ஆத்தூர்:

எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு, என்சிசி ஏர்விங் நாட்களில். ஒன்றரை சிசி டீசல் இன்ஜின், கண்ட்ரோல் லைன் (கம்பியில் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் மாடல்). ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், அந்த வாசனை இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. இன்ஜினுக்குள் எரிபொருள் அதிகமாக இறங்கிவிட்டது, ப்ராப் சுற்ற மறுத்தது. கம்ப்ரஷன் திருகைத் தளர்த்தி, தலைகீழாகப் பிடித்து வடித்திருக்க வேண்டும். நான் பலங்கொண்ட மட்டும் தள்ளினேன். உள்ளே "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. எங்கள் பிரிவுக்கு இருந்ததே அந்த ஒரு இன்ஜின்தான். அடுத்த வருடம் சேர்ந்த பையன்கள் அட்டை மாடல் மட்டும் செய்தார்கள்.

மேட்டூர்:

எல்லோரும் நீடில், ப்ராப் என்கிறீர்கள், எரிபொருள் ட்யூபை யார் பார்ப்பது? எனக்கு மூன்று பிளக் போனது. தரையில் நன்றாக ஓடும், விமானத்தின் மூக்கைத் தூக்கினால் இன்ஜின் வேகம் இறங்கும். கடைசியில் டேங்க்கின் முன்புறம் ட்யூபைக் கட்டியிருந்த இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. ட்யூபில் குமிழி ஓடுவது ஒரு நாள் சாய்ந்த வெயிலில்தான் கண்ணில் பட்டது. பேலன்ஸ் இல்லாத ப்ராப் டேங்க்கை உலுக்கி நுரை கிளப்பினாலும் இதே குமிழிதான் வரும். பறக்கவிடும் முன் முழு த்ராட்டிலில் மூக்கை மேலே தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். சத்தம் கொஞ்சம் கூடி நிற்க வேண்டும். மங்கினால் லீன், இரண்டு க்ளிக் திறங்கள். ஹஸ்தம்பட்டி நண்பருக்கு இந்தப் பத்து நொடி போதுமாயிருந்திருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நாகலூர் நண்பர் கேன் என்று எழுதியதும் மனசு பதறியது. நம் எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் என்ன நடந்தது என்று நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் வரும் இடத்தில் பூட்டிய பெட்டியில் வையுங்கள், கையில் பட்டால் கழுவுங்கள். அதன் தீ பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் நின்ற பிறகு விமானத்தின் மேல் காற்று அலையடிப்பது போலத் தெரிந்தால் கையை வைக்காதீர்கள், ஈரச்சாக்கைப் போடுங்கள். மூடியையும் இறுக்குங்கள், ஏற்காட்டு மூடுபனியில் ஈரத்தைக் குடித்துவிடும், அப்புறம் இன்ஜின் ஏன் கிளம்பவில்லை என்று பிளக்கை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

சூரமங்கலம்:

12×6 பற்றி நாகலூர் சொன்னது சரி. நான் அதை மாட்டிப் பார்த்ததில்லை, கேட்டதைத்தான் எழுதினேன். பிட்ச் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

ஹஸ்தம்பட்டி:

எல்லோருக்கும் நன்றி. பிஸ்டனும் லைனரும் வந்துவிட்டன. மகள் நீடிலின் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து, பெட்டி மூடிக்குள் "சேலம்", "ஏற்காடு" என்று இரண்டு வரி எழுதி எதிரே காலியாக விட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ரிச்சாக (எரிபொருளைக் கூட்டி) வைத்து ரன்-இன் (புதுப் பாகங்களைப் பழக்கும் ஓட்டம்), ப்ராப் 11×6தான். நாகலூர் நண்பரே, அடுத்த மாதம் மேலே வருகிறோம், டேக்கோமீட்டரை எடுத்து வைத்திருங்கள்.