கலைச்சொல்: முள்ளம்பன்றியா, முள்ளெலியா?

> 'இந்தியன் ஹெட்ஜ்ஹாக்' புரதத்துக்கு 'முள்ளம்பன்றிக் குருத்தெலும்பு வளர்ச்சிக் காரணி' என்று பாடநூலில் எழுதலாமா?

வணக்கம் ஐயா.

முதலில் விலங்கைத் திருத்திவிடுவோம். முள்ளம்பன்றி கொறித்துத் தின்னும் பிராணி. ஹெட்ஜ்ஹாக் என்பது பூச்சி தின்கிற, தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்கிற முள்ளெலி. 1980இல் மரபியலாளர்கள் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாஸும் பழ ஈயில் இந்த மரபணு பழுதான புழுக்களைப் பார்த்தபோது, பட்டை பட்டையாக இருக்க வேண்டிய நுண்முட்கள் இடைவெளியின்றி அடர்ந்திருந்தன. பெயர் அப்படி வந்தது. பாலூட்டிகளில் இதே குடும்பத்தில் மூன்று புரதங்கள் உண்டு. ஒன்றுக்கு இந்திய முள்ளெலி இனத்தின் பெயரை வைத்தார்கள்.

'வளர்ச்சிக் காரணி' என்பதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். எலும்பு நீளும் இடமான குருத்தெலும்புத் தகட்டில் (வளர்தகட்டில்), பிரிவதை நிறுத்திப் பருக்கத் தொடங்கும் குருத்தணுக்கள் (குருத்தெலும்புச் செல்கள்) இப்புரதத்தைச் சுரக்கின்றன. அது மூட்டு முனையை ஒட்டிய அணுக்களைத் தூண்டி, பாராதைராய்டு ஹார்மோன் சார் புரதத்தைச் சுரக்க வைக்கிறது. அந்த இரண்டாவது புரதம் எட்டும் தூரம்வரை அணுக்கள் பருக்காமல் பிரிந்துகொண்டே இருக்கும். எட்டாத இடத்துக்குத் தள்ளப்பட்டவை பருக்கத் தொடங்கி, முள்ளெலிப் புரதத்தைச் சுரக்கும். அதாவது இது எப்போது பருக்கலாம் என்று நேரம் குறிக்கிற சமிக்ஞை. இந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் குருத்தணுக்கள் போதுமான அளவு பிரியாமல் முந்திப் பருத்துவிடுகின்றன. கைகால்கள் குட்டையாகின்றன, குருத்தெலும்பிலிருந்து உருவாகும் எலும்புகளில் எலும்பாக்கும் செல்களே தோன்றுவதில்லை. மனிதரில் ஒரு பிரதியில் சில பிறழ்வுகள் நேர்ந்தாலே விரல்களின் நடு எலும்பு குறுகிவிடும்.

முதிர்ந்த மூட்டிலோ இதே சமிக்ஞை கூடினால் குருத்தெலும்பு சிதைகிறது. மூட்டுத்தேய்வில் காண்பது அதுதான். பெயரிலேயே 'வளர்ச்சி' இருந்தால் மாணவருக்கு இதை எப்படி விளக்குவது? 'இந்திய முள்ளெலிப் புரதம்' போதும்.

---

ஐயா, முள்ளெலிக்கு என் ஆதரவும் உண்டு. முள்ளெலிப் புரதங்களின் சமிக்ஞைப் பாதையை அடைக்கும் புற்றுநோய் மருந்து விஸ்மோடெகிப்பைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் வளர்தகடு முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். மருந்தை நிறுத்திய பிறகும் அது தொடரலாம். பாடத்தில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

அணு பருப்பதைக் குறிக்கும் 'ஹைப்பர்ட்ரோபி'க்கு 'மிகைவளர்ச்சி' வேண்டாம். இதயத் தசை தடிக்கும் நோய்க்கும் அச்சொல்லே புழங்குகிறது. வளர்தகட்டில் அணு பருப்பது இயல்பு. எலும்பு நீள்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். 'பருத்த குருத்தணு' என்றால் படத்தைப் பார்த்ததும் புரியும்.

இன்னொன்று: இடம் மிச்சப்படுத்த 'இந்திய' என்பதை விட்டுவிடாதீர்கள். கருவின் கைமொட்டில் சுண்டுவிரல் பக்கம் எது, கட்டைவிரல் பக்கம் எது என்று தீர்மானிக்கும் 'சானிக்' முள்ளெலிப் புரதமும் அதே அத்தியாயத்தில் வருகிறது.