மறு: மூங்கில் அம்பு – ‘ஸ்பைன்’ என்பதற்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

கைவினை மூங்கில் அம்புக் கையேட்டில் மற்ற சொற்கள் ஒருவாறு படிந்துவிட்டன. நாண் பொருந்தும் பிளவு ‘நாண்வாய்’. முன்பக்கத் துளையில் செருகும் கட்டை ‘முன்தண்டு’. மிச்சம் இருப்பது ‘ஸ்பைன்’, அதாவது தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதன் அளவு. ‘முதுகெலும்பு’ என்றால் சிரிப்பார்கள். ‘விறைப்பு’ சரிவருமா?

---

> ‘விறைப்பு’ சரிவருமா?

வராது ஐயா. பதினோராம் வகுப்பு இயற்பியல் படித்தவருக்கு ‘விறைப்புக் குணகம்’ என்றால் சறுக்குப் பெயர்ச்சிதான், அதாவது பொருளின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதுதான், நினைவுக்கு வரும். அம்பில் நடப்பது வளைவு. நாணை விட்டதும் பின்னாலிருந்து விழும் தள்ளலில் தண்டு நெளிந்து, வில்லின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. கழி ‘துவளுது’ என்று ஊரில் எல்லாரும் சொல்கிறோமே, அதையே ‘துவள்வு’ என்று எடுத்துக்கொள்ளலாம். செய்முறையிலும் இயல்பாக உட்காருகிறது:

“துவள்வு கூடினால் வலக்கைக்காரரின் அம்பு வலப்புறம் ஒதுங்கும். குறைந்தால் இடப்புறம் போகும், கைப்பிடியிலும் தட்டும்.”

---

‘துவள்வு’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எண்ணைச் சொல்லும்போது சிக்கல் வரும். மரத்தண்டுக்கு வழக்கமான முறை இது: 26 அங்குல (66 செ.மீ.) இடைவெளியில் இரண்டு ஆணிமேல் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு (சுமார் 907 கிராம்) தொங்கவிட வேண்டும். நடுப்பகுதி இறங்கிய மில்லிமீட்டரால் 660-ஐ வகுத்தால் ஸ்பைன் பவுண்டுக் கணக்கில் கிடைக்கும். 16.5 மி.மீ. இறங்கினால் 40, 22 மி.மீ. இறங்கினால் 30. எண் ஏற ஏறத் துவள்வு குறைகிறது! கார்பன் அம்பில் நேர்மாறு. அங்கே 500 என்பது 400-ஐவிடத் துவளும் தண்டு.

அதனால் பண்புக்குத் ‘துவள்வு’, ஆணிமேல் அளக்கும் இறக்கத்துக்குத் ‘தொய்வு’ என்று பிரிப்போம். கையேட்டில் தொய்வை மில்லிமீட்டரிலேயே கொடுத்தால் குழப்பம் தீர்ந்தது. கைப்பிடி அகலமான, 40 பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்கு 19 முதல் 22 மி.மீ. தொய்வுள்ள தண்டில் தொடங்கலாம்.

மூங்கிலுக்கென்று தனியாகச் சேர்க்க வேண்டியவை: நிழலில் நன்றாக உலர்த்தி, தணலில் காட்டி நிமிர்த்திய பிறகே அளக்க வேண்டும். பச்சைத் தண்டு கூடுதலாகத் தொய்யும். ஒரே தண்டை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி அளந்தால் நான்கு அளவு வரலாம். தொய்வு மிகக் குறைந்த பக்கத்தில் மையால் புள்ளி வையுங்கள். அந்தப் பக்கம் கைப்பிடியைப் பார்க்கும்படி நாண்வாயை வெட்ட வேண்டும். வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுப் பின்னால் வரட்டும். பிளவு ஓடினாலும் கணு தடுத்துவிடும். கீழே நூலைச் சுற்றிப் பசை பூசுவதை விடக்கூடாது.

தொய்வு போதாவிட்டால் பலர் தண்டு முழுவதையும் சுரண்டுகிறார்கள். மூங்கிலின் நார் நெருக்கமாக இருப்பது வெளித்தோலில்தான், அதை எடுத்தால் வலுவே போய்விடும். கணு மேட்டை மட்டும் சமன் செய்து, வேறு தண்டை எடுப்பதே மேல். தண்டின் விட்டம் 10 சதவீதம் குறைந்தாலே தொய்வு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

---

தொய்வு, துவள்வு இரண்டுக்கும் சம்மதம். இன்னொன்று இருக்கிறதே: அம்பு பறக்கத் தொடங்கும்போது காட்டும் துவள்வு. ஆணிமேல் ஒரே தொய்வு காட்டும் இரண்டு தண்டுகளில் கனமான முன்தண்டு செருகியது கூடுதலாகத் துவளும், நீளத்தைக் குறைத்தது குறைவாகத் துவளும். இதை ‘எய்துவள்வு’ எனலாமா?

---

> ‘எய்துவள்வு’ எனலாமா?

எய்து-வள்வு என்று பிரித்துப் படித்துவிட்டு ‘வள்வு’ என்றால் என்ன என்று கேட்பார்கள். ‘எய்கைத் துவள்வு’ என்று விரித்தே எழுதலாம். ஆணிமேல் அளப்பதற்குத் ‘தொய்வு’ இருப்பதால் ‘நிலைத்துவள்வு’ என்று இன்னொரு சொல் தேவையில்லை.

கையேட்டுக்கான பதிவு: “எய்கைத் துவள்வு – நாண் தள்ளும்போது அம்பு உண்மையில் நெளியும் அளவு. தண்டின் தொய்வு, நீளம், முனைக் கனம், வில்லின் இழுவிசை ஆகியவற்றைப் பொறுத்தது. வலக்கைக்காரரின் அம்பு வலப்புறம் ஒதுங்கினால் முன்தண்டின் கனத்தைக் குறைக்கவும். நீளம் மிச்சமிருந்தால் முன்பக்கம் ஒரு செ.மீ. வெட்டி மறுபடி எய்து பார்க்கவும்.”