சேலம்: மேடாக்கிய ஏரி நிலத்தில் எச்.வி. சிகரம் 2.2 ஹெர்ட்ஸா, 4.5 ஹெர்ட்ஸா?

களிமண்காரன்:
அம்மாபேட்டை பக்கம் பழைய ஏரிப் பரப்பில் இரண்டு தளச் சின்ன மருத்துவமனை வரப்போகிறது. நிலநடுக்க வடிவமைப்புக்காக மண் எந்த அலைவெண்ணில் ஆடும் என்று பார்க்கிறோம். உயரம் 7 மீ., அகலம் 9 மீ. ஆழ்துளை (போர்) விவரம்: 2 மீ. வரை இடிபாட்டு நிரப்பல், 9 மீ. வரை கருங்களி (N மதிப்பு, அதாவது மண்ணின் கெட்டியைக் காட்டும் சுத்தி அடி எண்ணிக்கை, 5-6), 14 மீ. வரை சுக்காம்பாறை (சிதைந்த பாறை), அதன்கீழ் சார்னகைட் என்ற கெட்டிப் பாறை. எச்.வி. பதிவில் (தரையின் இயல்பான நடுக்கத்தில் கிடைத்திசைக்கும் செங்குத்துத் திசைக்கும் உள்ள விகிதம்) 2.2 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு சிகரம், 4.5-ல் அகலமாக இன்னொன்று. மேற்பரப்பு அலை ஆய்வு (எம்.ஏ.எஸ்.டபிள்யூ.) செய்தவர்கள் மேல் 9 மீட்டருக்கு வெட்டலை (மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டும் அலை) வேகம் நொடிக்கு 300 மீ. என்கிறார்கள். எதை நம்புவது?

அலைவெண்:
2.2 விசைத்தறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிமிடத்துக்கு 130 முறை நாடா ஓடினால் 2.17 ஹெர்ட்ஸ். விகிதத்தை விட்டுவிட்டு மூன்று திசைகளின் நிறமாலையையும் தனித்தனியே பாருங்கள். இயந்திரம் என்றால் மூன்றிலும் அதே இடத்தில் ஊசி நிற்கும். மண்ணின் சிகரத்தில் செங்குத்துத் திசை அங்கே பள்ளமாக இருக்கும். 24-25 ஹெர்ட்ஸ் பக்கமும் ஊசி தெரிந்தால் அது மோட்டார் சுழற்சி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று அரை மணி நேரம் பதிவு செய்தால் சந்தேகமே வராது.

உணரியை சிமென்ட் தளத்தில் வைக்காதீர்கள். ஒரு சாண் குழி தோண்டி மண்ணில் பதித்து, காற்றுப் படாமல் மூடுங்கள். 25-30 நொடிச் சாளரம் போதும்.

சம்மட்டி_8கிலோ:
அந்த 300-தான் எனக்கு இடிக்கிறது. அடிப்படை அலைவெண் = வேகம் ÷ (4 × தடிமன்). 300 ÷ 36 = 8.3 ஹெர்ட்ஸ்; உங்கள் சிகரம் 4.5. திருப்பிப் போட்டால் வேகம் 160 வருகிறது. N மதிப்பு 5-6 உள்ள களிக்கு அதுதான் பொருந்தும்.

காரணம் இடிபாட்டு நிரப்பல். மேலே கெட்டி, நடுவில் மெத்து, அடியில் பாறை என்று இருந்தால் ஆற்றல் உயர் பயன்முறைக்கு (அதே அலையின் வேகமாக ஓடும் வேறு அதிர்வு வடிவம்) தாவிவிடும். அதை அடிப்படைப் பயன்முறை என்று குறித்தால் வேகம் கூடித்தான் வரும். மூலப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். திரும்ப எடுப்பதென்றால்: 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன் (தரை அதிர்வு உணரி) 24, 2 மீ. இடைவெளி, வரிசை நீளம் 46 மீ. 5, 10, 20 மீ. தள்ளி இரு முனையிலும் சம்மட்டியால் அடிக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு முறை அடித்துப் பதிவுகளைச் சேர்த்து. வரிசையை ஏரிக்கரைக்கு இணையாகப் போடுங்கள்; குறுக்கே போட்டால் களியின் தடிமன் வழியிலேயே மாறிவிடும். பிறகு போர் ஆழத்தை நிலையாக வைத்து, எச்.வி.யையும் சேர்த்தே தலைகீழாக்கம் (பதிவிலிருந்து அடுக்குகளின் வேகத்தைத் திரும்பக் கணக்கிடுவது) செய்யுங்கள்.

பி-அலை (அழுத்த அலை) விலகல் ஆய்வு எடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். நீர் நிறைந்த களியில் அது நீரின் வேகமான 1500-ஐத்தான் காட்டும்.

களிமண்காரன்:
ஆனால் மேல் 30 மீட்டரின் சராசரி வெட்டலை வேகம் எப்படிப் பார்த்தாலும் 'சி' வகை மண்தானே (நொடிக்கு 360-760 மீ.)? பாறைக்கு 1200, சுக்காம்பாறைக்கு 400 போட்டேன்.

அலைவெண்:
அங்கேதான் சிக்கல். களிக்கு 300 போட்டால் சராசரி சுமார் 537, 160 போட்டால் 365. இரண்டுமே 'சி'. ஆனால் அலைவெண் பாதியாகிவிட்டது. மெல்லிய களியும் உடனடியாகக் கெட்டிப் பாறையும் உள்ள சேலத்தில் அந்த ஒற்றை எண் பாறையை நிறைய எண்ணி, களியை மறைத்துவிடும்.

உங்கள் கட்டடத்தின் அதிர்வுக் காலம்: 0.09 × 7 ÷ √9 = 0.21 நொடி, அதாவது 4.8 ஹெர்ட்ஸ் (செங்கல் சுவர் நிரப்பியதற்கு). களியின் 4.5-க்குப் பக்கத்திலேயே. ஐ.எஸ். 1893 (இந்திய நிலநடுக்க விதி, 2016 பதிப்பு) வளைவிலோ இந்தக் காலத்துக்கு அதன் மூன்று மண் வகைக்கும் ஒரே 2.5 மடங்கு. மண்ணை மாற்றிப் போட்டாலும் கணக்கில் ஒன்றும் மாறாது. மருத்துவமனை என்பதால் ஒருபரிமாண மண் எதிர்வினைப் பகுப்பாய்வு (பாறையின் ஆட்டம் மண் அடுக்குகள் வழியே மேலே வரும்போது எவ்வளவு பெருகும் என்ற கணக்கு) செய்யச் சொல்லுங்கள். எச்.வி. சிகரத்தின் உயரத்தைப் பெருக்க அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அலைவெண்ணை மட்டும் எடுங்கள்.

சம்மட்டி_8கிலோ:
பைல் (ஆழத் தூண் அடித்தளம்) போட்டால் தப்பலாம் என்பார்கள். அது அமிழ்வுக்கும் தாங்குதிறனுக்கும். களி ஆடுவது நிற்காது. கீழ்த்தளத்தை வாகன நிறுத்தத்துக்குத் திறந்து விடாமல், ஐ.எஸ். 13920 (நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட்டுக்கான விதி) படி கம்பி விவரம் கேளுங்கள்.

போர்காரரிடம் ஒன்று: சுக்காம்பாறைக்குள் சார்னகைட் உருண்டைகள் கிடக்கும், ஏற்காட்டில் இன்னும் அதிகம். முதல் கல்லில் நிறுத்தாமல் பாறைக்குள் 3 மீ. உள்ளகம் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுக்கச் சொல்லுங்கள்.